மீன்வாய்

திரையில் கருப்பும் சாம்பலுமாய் ஏதோ துடித்தது.
"வால்வு சுருங்கிருச்சும்மா,
மீன் வாய் மாதிரி தெரியுது பாருங்க" என்றார்
தர்மபுரி பெரியாஸ்பத்திரி டாக்டர்.

எனக்கா மீன் வாய் தெரியாது?
ஒகேனக்கல்லில் பதினோரு வருஷமாய்
கெண்டையும் வாளையும் ஜிலேபியும்
செதில் சுரண்டி, கீறி, மிளகாய் தடவி
எண்ணெயில் விடுகிறவள்.
தலை துண்டான பிறகும்
திறந்து மூடும், திறந்து மூடும்,
தண்ணீரைக் கேட்கிற வாய்.
அப்படி ஒன்று என் இடது முலைக்கு அடியில்
இத்தனை நாளாய்க் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

பென்னாகரம் விடுதியில் அப்போது எனக்குப் பத்து வயது.
ஒரு கூடம், நாற்பத்து மூன்று பேர்,
தொட்டியோரம்
சங்கிலி கட்டிய ஒரே சில்வர் டம்ளர்.
தை மாதக் குளிரில் ஒருத்தி உடம்பு கொதித்தால்
அடுத்த பாயும் கொதிக்கும், அதற்கடுத்ததும்.
எனக்குத் தொண்டையில் முள் நின்றது.
எச்சில் விழுங்க அழுதேன்.
உப்புத் தண்ணீர் கொப்பளித்தேன்.
நாலாம் நாள் தானாய்ச் சரியானது.
தானாய்ச் சரியானதை யார் சந்தேகிப்பார்கள்?

மூன்று வாரம் கழித்து முழங்கால் வீங்கியது.
அது வடிந்ததும் மணிக்கட்டு.
பிறகு கணுக்கால்.
வாடகை பாக்கி வைத்தவனைப் போல
வலி வீடு மாற்றிக்கொண்டே இருந்தது.
"தண்ணி வியாதி" என்றார் கம்பவுண்டர்.
யாரும் மறுக்கவில்லை.
எங்கள் பக்கத்து போர்த் தண்ணீர்
பல்லில் கறையேற்றும், முட்டியைப் பூட்டும்.
வலிக்காத மூட்டு இருந்தால்தான் அதிசயம்.
அத்தனை பேர் வலிக்குள்
என் வலி ஒளிந்துகொண்டது.

நர்ஸ் எஸ்தர் கலா
மருந்துச் சீட்டின் பின்பக்கம் வரைந்து காட்டினாள்:
சின்னச் சின்னப் புள்ளி, ஒன்றையொன்று பிடித்தபடி,
மணி கோத்த மாதிரி.
ஸ்ட்ரெப்டோகாக்கஸ்.
ஆள் கண்ணுக்குத் தெரியாது, பேர் மட்டும் ரயில் நீளம்.
அது இதயத்துக்கு வரவே இல்லையாம்.
தொண்டையோடு செத்துப்போனதாம்.
அதை அடிக்க உடம்பு கிளப்பிய படைதான்
அதே ஜாடையில் இருந்த வால்வைப் பார்த்து
இவன்தான் அவன் என்று
ஏறி மிதித்ததாம்.

ஆளைத் தேடி வந்தவர்கள்
ஊரை அடித்துவிட்டுப் போவது
இந்த மலைப்பக்கத்துக்குப் புதிதா என்ன?

அன்றிலிருந்து எனக்கு
அமாவாசை இல்லை, பௌர்ணமி இல்லை,
இருபத்தொரு நாள்தான்.
கெட்டித் தயிர் போல ஒரு பென்சிலின்.
பாதியில் ஊசி அடைத்துக்கொள்ளும்.
இடுப்பில் கல்லாய் இறங்கும்.
இன்னொரு முறை அது தொண்டைக்குள் வந்தால்
மிச்சமிருக்கும் வாயும் மூடிவிடும் என்று
இந்தக் காவல்.
திரும்பும் பஸ்ஸில் ஒரு பக்கமாய்ச் சாய்ந்து உட்காருவேன்.
பார்க்கிறவர்கள் எதையாவது நினைத்துக்கொள்ளட்டும்.

போன வாரம் புதன் ராத்திரி
மகள் கோகிலவாணி எழுந்து உட்கார்ந்தாள்.
"எச்சி முழுங்க முடியலம்மா."
செல்போன் டார்ச்சை அவள் வாய்க்குள் அடித்தேன்.
செக்கச்செவேலென்று குகை.
இரண்டு பக்கமும் வெள்ளை,
நொய்யரிசி ஒட்டினாற்போல.

முதல் பஸ் ஐந்தேகாலுக்கு.
சளிதான், வெந்நீர் குடுங்க என்றார் சின்ன டாக்டர்.
நான் எழுந்திருக்கவில்லை.
என் ஊசி அட்டையை மேஜையில் விரித்தேன்.
நூற்றிமூன்று தேதிகள்.
கடைசி வரைக்கும் படித்தார்.
பிறகுதான் டார்ச்சைத் தேடினார்.

பத்து நாள். இருபது மாத்திரை.
மூன்றாம் நாளே கயிறு தாண்டி விளையாடுகிறாள்.
"அதான் சரியாயிருச்சே, எதுக்கு?" என்கிறாள்.
வாயைத் திற, என்கிறேன்.
எந்த மீனையும்
இப்படிக் கெஞ்சியதில்லை.

இன்று பதினாறாவது மாத்திரை.
அவளுக்காகச் சுவரில் போட்ட கரிக்கோடுகளுக்குப் பக்கத்தில்
தொங்குகிற காலண்டரை
இப்போதுதான் பார்க்கிறேன்.

எனக்கு
இருபத்து நான்கு.